ஹைடெக் முதல் ஸ்லீக் வரை: நவீனத் தொழில்நுட்பத்தையும் வடிவமைப்பையும் ஆங்கிலத்தில் சொல்ல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் கேட்டலாக் எழுதுபவர்கள், ரிச்சி தெருவில் வாடிக்கையாளருக்குப் பொருளை விளக்கிச் சொல்பவர்கள், ஓ.எம்.ஆர். நிறுவனங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பொறியியல் மாணவர்கள், இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவர்கள். சென்னையில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தும் என்னிடம் இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆனால் புதுமையான ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வரும்போது "ஹைடெக்", "லேட்டஸ்ட்", "சூப்பர்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இல்லையென்றால் விளம்பரங்களில் பார்த்த பெரிய சொற்களையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடுக்கிவிடுகிறார்கள். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் பொருளைப் பற்றி வெவ்வேறு வாக்குறுதி கொடுப்பவை. எந்த வாக்குறுதியை உங்களால் காப்பாற்ற முடியுமோ அந்தச் சொல்லை எடுங்கள்.

"அட்வான்ஸ்ட்", "ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்", "கட்டிங் எட்ஜ்" மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. அதிகம் குழப்பம் வருவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"அட்வான்ஸ்ட்" என்றால் மற்றதைவிட முன்னேறியது. எதைவிட என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. போன வருட மாடலைவிடவா, போட்டிக் கம்பெனியின் மெஷினைவிடவா? அதைச் சொல்லாமல் விட்டால் சொல் அந்தரத்தில் நிற்கும்.

"ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்" என்பதில் வரும் "ஆர்ட்" ஓவியமும் சிற்பமும் அல்ல. கைத்திறன், தொழில்நுணுக்கம் என்ற பழைய பொருளில் வருகிறது. கேஸ் டர்பைன் பற்றி 1910-ல் வந்த ஒரு பொறியியல் நூலிலேயே, அன்றைய தொழில்திறன் எட்டியிருந்த நிலை என்ற பொருளில் இந்தத் தொடர் இருக்கிறது. அதே "ஆர்ட்" காப்புரிமைச் சட்டத்தில் இன்றும் வாழ்கிறது. கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போடுகிறவர்கள் "பிரையர் ஆர்ட்" என்ற தொடரைக் கேட்காமல் இருக்க முடியாது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே உலகம் அறிந்திருந்த எல்லாமும் அதில் அடங்கும். ஆகவே "ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்" என்று சொன்னால், இன்றைய தேதியில் இந்தத் துறையால் செய்ய முடிந்ததில் இதுவே உச்சம் என்று உறுதி தருகிறீர்கள்.

"கட்டிங் எட்ஜ்" அதற்கும் ஒரு படி முன்னால். கத்தியின் வெட்டும் விளிம்பு எங்கே படுகிறதோ, அங்கே நடக்கும் வேலை. இன்னும் எல்லோர் கைக்கும் வரவில்லை, ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற தொனி அதில் உண்டு. ஒரு மருத்துவமனை இன்று சந்தையில் கிடைப்பதில் மிகச் சிறந்த ஸ்கேன் இயந்திரத்தை வாங்கி நிறுவினால் அது "ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்". ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் புது வகை ஸ்கேன் முறையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது "கட்டிங் எட்ஜ்". நோயாளிக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் இரண்டாவது சொல்லைப் போட்டால், "இன்னும் சோதனையில இருக்கிற வைத்தியமா?" என்று ஒருவர் கேட்பது நியாயமே.

"பிளீடிங் எட்ஜ்" என்ற சொல் 1980களில் கணினித் துறையில் பரவியது. வாங்குகிறவருக்கே காயம் படலாம் என்னும் அளவுக்குப் புதியது என்று பொருள். உங்கள் பொருளை நீங்களே அப்படி அழைக்காதீர்கள்.

ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. "தி கரண்ட் ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்" என்று பெயர்ச்சொல்லாக வரும்போது அதில் புகழ்ச்சி கிடையாது. இந்தத் துறை இப்போது எங்கே நிற்கிறது என்ற நிலவரம் மட்டுமே. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வரும்போது நான்கு சொற்களையும் சிறு கோடுகளால் இணைத்து எழுத வேண்டும். பெயர்ச்சொல்லாக வரும்போது கோடு வேண்டாம்.

"ஹைடெக்" பழைய சொல் ஆகிவிட்டதா?

கொஞ்சம். தொழில்துறையைக் குறிக்க, "ஹைடெக் இண்டஸ்ட்ரி" என்பது போல, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு தனிப் பொருளைப் புகழ அதைப் பயன்படுத்தினால் முப்பது வருடத்துக்கு முந்தைய விளம்பரம் போல ஒலிக்கும். கட்டடக் கலைஞர்களிடம் பேசும்போது கவனம் தேவை. அவர்களுக்கு "ஹைடெக்" என்பது 1970களில் வந்த ஒரு பாணியின் பெயர். குழாய்களையும் இரும்புச் சட்டங்களையும் மறைக்காமல் வெளியே காட்டும் பாணி அது. பாரிஸில் 1977-ல் திறக்கப்பட்ட போம்பிடு மையம் அதற்குப் புகழ்பெற்ற உதாரணம்.

நம் ஊரில் "ஹைஃபை" என்கிறோமே, அதையே சொல்லலாமா?

சொன்னால் புரியாது. "அவங்க வீடு செம ஹைஃபை" என்று நாம் சொல்வது பகட்டான, வசதியான வீடு என்ற பொருளில். ஆங்கிலத்தில் "ஹைஃபை" என்பது "ஹை ஃபிடெலிட்டி" என்பதன் சுருக்கம். பதிவு செய்த ஒலியை மூலத்துக்கு நெருக்கமாகத் திருப்பித் தரும் ஆடியோ கருவிகளைத்தான் குறிக்கும். உங்களுக்கு வேண்டிய சொல் "போஷ்", "அப்மார்க்கெட்" அல்லது "லக்ஷுரியஸ்".

"ரிச் லுக்" என்பதும் இப்படித்தான். துணிக்கடையிலும் டைல்ஸ் கடையிலும் நாள் முழுக்கக் கேட்கும் தொடர். வெளியூர் வாடிக்கையாளரிடம் "இட் லுக்ஸ் எலிகன்ட்" என்றோ "இட் லுக்ஸ் எக்ஸ்பென்சிவ்" என்றோ சொன்னால் போதும். "அப்கிரேடேஷன்" இந்திய அலுவலகங்களில் செல்லும். வெளிநாட்டுக்கு எழுதும்போது "அப்கிரேட்" மட்டும் எழுதுங்கள்.

"மாடர்ன்" என்றால் இன்றையது என்றுதானே பொருள்? "கன்டெம்பரரி" எதற்கு?

அன்றாடப் பேச்சில் சரி. வடிவமைப்பு உலகில் "மாடர்ன்" ஒரு குறிப்பிட்ட காலத்தின் பாணி. ஜெர்மனியின் வைமர் நகரில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியைச் சுற்றி வளர்ந்த சிந்தனை அது. அலங்காரத்தைக் குறை, நேர்கோடுகளை வை, பொருள் எதற்காக இருக்கிறதோ அதுவே உருவத்தைத் தீர்மானிக்கட்டும் என்பது அதன் போக்கு.

இதை விளக்க நமக்கு அண்ணா சாலையே போதும். 1959-ல் திறக்கப்பட்ட 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தைப் பாருங்கள். கட்டி முடித்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அதுதான். அன்று அது "மாடர்ன்" ஆகவும் இருந்தது, "கன்டெம்பரரி" ஆகவும் இருந்தது. இன்றும் அதன் பாணி "மாடர்ன்"தான், ஆனால் "கன்டெம்பரரி" அல்ல. "கன்டெம்பரரி" என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் சொல். எந்த ஆண்டில் சொல்கிறீர்களோ அந்த ஆண்டின் ரசனையைக் குறிக்கும். பாரிமுனையில் இருக்கும் டேர் ஹவுஸ் கட்டடத்தின் பாணி வேறு, அதற்கு "ஆர்ட் டெகோ" என்று பெயர். 1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரிலிருந்து வந்த பாணிப்பெயர் அது.

இன்டீரியர் வேலை செய்பவர்களுக்கு இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். அடையாரில் ஒரு வாடிக்கையாளர் "மாடர்ன் லிவிங் ரூம்" கேட்கிறார் என்று வையுங்கள். அவர் மனதில் இருப்பது கூர்ந்து இறங்கும் கால்கள் வைத்த தேக்கு நாற்காலிகளாக இருக்கலாம். அதற்கு "மிட்-செஞ்சுரி மாடர்ன்" என்று பெயர். கைப்பிடியே இல்லாத வெள்ளை அலமாரிகளாகவும் இருக்கலாம். விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன் இரண்டு படங்களைக் காட்டி எது என்று கேட்டுவிடுங்கள்.

எதையெல்லாம் "ஸ்மார்ட்" என்று சொல்லலாம்?

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மேல்தொட்டி நிரம்பியதும் மிதவை சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிறது. இது "ஆட்டோமேட்டிக்". சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது, அலுவலகத்தில் இருந்தபடியே மோட்டாரைப் போட முடிகிறது என்றால் "ஸ்மார்ட்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஸ்மார்ட் டிவி, ஸ்மார்ட் வாட்ச், ஸ்மார்ட் மீட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவானது இதுதான்: உள்ளே ஒரு சிறு கணினி, வெளியே ஒரு வலைத்தொடர்பு.

உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவியாக இருந்தால் "இன்டெலிஜென்ட்" வரைக்கும் போகலாம். கற்றுக்கொள்வது எதுவும் இல்லாத கருவிக்கு "ஏஐ பவர்டு" என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வாங்குகிறவர் அந்தச் சொல்லுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்.

நகரத் திட்டங்களில் இந்தச் சொல் இன்னும் அகலமாகிவிடுகிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் தி. நகர் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த பாதசாரிகள் வளாகத்தில் பெரும்பங்கு அகலமான நடைபாதையும் உட்காரும் இருக்கைகளும்தான். அங்கே "ஸ்மார்ட்" என்றால் நன்கு திட்டமிட்டது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவரை "ஸ்மார்ட்" என்றால் நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார் என்றும் பொருள், "பையன் ஸ்மார்ட்டா இருக்கான்" என்று நம் வீடுகளில் சொல்வதைப் போல.

ஓட்டுநர் இல்லாத மெட்ரோவை "அட்டானமஸ்" என்று சொல்லலாமா?

வேண்டாம். "டிரைவர்லெஸ்" அல்லது "ஃபுல்லி ஆட்டோமேட்டட்" என்று சொல்லுங்கள். சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியபோது ஓட்டுநர் இருந்தார். இரண்டாம் கட்டத்துக்கான ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அவை போட்ட தண்டவாளத்தில், கட்டுப்பாட்டு மையத்தின் சமிக்ஞைப்படி ஓடுகின்றன. முன்கூட்டியே வகுத்த வேலையை மனிதக் கை இல்லாமல் செய்வது "ஆட்டோமேட்டட்". குறுக்கே மாடு வந்தால் என்ன செய்வது, எந்தச் சந்தில் திரும்புவது என்று சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுப்பது "அட்டானமஸ்". கார்களுக்கு இதில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். சாலையில் சாதாரணமாகப் பார்க்கும் பிரேக் உதவி, லேன் உதவி எல்லாம் கீழ் நிலைகளிலேயே அடங்கிவிடும். எந்த நிலை என்ற எண்ணைச் சொல்லிவிட்டால் விவாதத்துக்கே இடமிருக்காது.

"டிசைன்" நமக்குத் தெரிந்த சொல்தானே, அதில் என்ன சிக்கல்?

"இதே கலர்ல வேற டிசைன் காட்டுங்க" என்று புடவைக் கடையில் கேட்கிறோம். அது "பேட்டர்ன்". ஒரு மிக்சியின் "டிசைன்" நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னால், அதன் ஜார் எப்படிப் பொருந்துகிறது, மூடி எப்படிப் பூட்டுகிறது, சத்தம் எப்படி அடங்குகிறது என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். தோற்றத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் "லுக்" அல்லது "ஸ்டைலிங்".

இந்தியச் சட்டத்தில் மட்டும் இது தலைகீழ். 2000ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டப்படி "டிசைன்" என்பது கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம் இவ்வளவுதான். பொருள் இயங்கும் விதம் அதில் சேராது. புடவைக் கடையின் பொருளுக்கு இது நெருக்கமானது. பதிவுக்கு விண்ணப்பிக்கிற சிறுதொழில் முனைவோர் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் வழக்கறிஞரிடம் பேசுவது எளிதாகும்.

"ஸ்லீக்", "ஸ்லிம்", "காம்பேக்ட்", "மினிமலிஸ்ட்" – எதை எங்கே?

"ஸ்லிம்" தடிமனைச் சொல்கிறது, மில்லிமீட்டரில் அளந்துவிடலாம். "ஸ்லீக்" அளக்க முடியாதது. எண்ணெய் தேய்த்து வாரிய கூந்தல், நீர்நாயின் ரோமம் இவற்றுக்குச் சொல்லப்படும் சொல் அது. வழுவழுப்பு, மினுமினுப்பு, தடையில்லாமல் ஓடும் கோடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் "ஸ்லீக்". தடிமனான ஒரு காரும் "ஸ்லீக்" ஆக இருக்கலாம். தட்டையான ஆனால் திருகாணிகள் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டி "ஸ்லிம்" மட்டுமே.

"காம்பேக்ட்" என்றால் சிறிய இடத்தில் நிறைய அடக்கியது. வேளச்சேரியில் ஃபிளாட் விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் சதுர அடியைக் கேட்டுவிடுங்கள்.

"மினிமல்", "மினிமலிஸ்ட்" இரண்டையும் மாற்றிப் போட்டு எழுதிய கேட்டலாக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். "மினிமலிஸ்ட்" ஒரு பாணி. வேண்டாததை யோசித்து நீக்கியது. "மினிமல் ஃபீச்சர்ஸ்" என்றால் வசதிகள் மிகக் குறைவு என்று பொருள். விற்பனைக்கு அது உதவாது.

"எர்கோனாமிக்", "யூசர் ஃபிரெண்ட்லி", "இன்ட்யூட்டிவ்"?

"எர்கோனாமிக்" உடம்பைப் பற்றியது. முதுகு, மணிக்கட்டு, கண் இவற்றுக்கு நோவு தராத அமைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949-ல் பிரிட்டனில் இதை ஒரு தனித்துறையாகவே தொடங்கினார்கள். எதையும் கூட்டிக் குறைக்க முடியாத நாற்காலிக்கு இந்தப் பட்டம் பொருந்தாது. "இன்ட்யூட்டிவ்" என்றால் கையேடு படிக்காமலேயே கை தானாகச் சரியான பொத்தானுக்குப் போவது. "யூசர் ஃபிரெண்ட்லி" இரண்டுக்கும் பொதுவான, கொஞ்சம் தேய்ந்த சொல். உங்கள் செயலியை வீட்டில் இருக்கும் பெரியவர் யாரிடமாவது கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பாருங்கள். அவர் தட்டுத் தடுமாறினால் "இன்ட்யூட்டிவ்" என்று எழுத வேண்டாம்.

"இன்னோவேட்டிவ்", "ரெவல்யூஷனரி", "டிஸ்ரப்டிவ்", "ஃப்யூச்சரிஸ்டிக்" – இதில் எது பெரிது?

பெரிது சிறிது என்ற வரிசையே இல்லை. "இன்னோவேட்டிவ்" என்றால் செய்யும் முறையில் புதுமை. "ரெவல்யூஷனரி" என்றால் அதற்கு முன், அதற்குப் பின் என்று காலத்தைப் பிரிக்கும்படியான மாற்றம். அதை வரலாறு சொல்லட்டும். "ஃப்யூச்சரிஸ்டிக்" பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியது. பார்க்க எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல இருக்கும், உள்ளே பழைய எஞ்சினே ஓடலாம்.

"டிஸ்ரப்டிவ்" தனிக் கதை. பள்ளி அறிக்கையில் ஒரு மாணவனை "டிஸ்ரப்டிவ்" என்று எழுதினால் வகுப்பைக் கெடுக்கிறான் என்று பொருள். வணிக உலகில் அதைப் பாராட்டாக மாற்றியது ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1990களில் முன்வைத்த கருத்து. மிக முன்னேறிய பொருள் என்று அவர் சொல்லவில்லை. ஆரம்பத்தில் எளிமையாக, மலிவாக, கொஞ்சம் தரம் குறைந்ததாகக்கூட வந்து, பெரிய கம்பெனிகள் கவனிக்காத வாடிக்கையாளர்களைப் பிடித்து, பிறகு மேலேறி அந்தக் கம்பெனிகளையே பெயர்த்துவிடுவதைத்தான் அவர் குறித்தார். விலை உயர்ந்த புதுக் கருவியை "டிஸ்ரப்டிவ்" என்று அறிமுகப்படுத்துவது அந்தக் கருத்துக்கு நேர் எதிர்.

புதுமையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி ஒரு சூத்திரம் வைத்திருந்தார். மிக முன்னேறியதாக இருக்க வேண்டும், ஆனாலும் மக்கள் ஏற்றுக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது அது. விற்பனையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. "ஃப்யூச்சரிஸ்டிக்" என்ற சொல் சில வாடிக்கையாளர்களை ஈர்க்கும், வேறு சிலர், "ரிப்பேர் ஆனா யாரு பார்ப்பாங்க?" என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

உறுதியானது என்று சொல்ல?

"டியூரபிள்": நெடுநாள் உழைக்கும். "ரக்கட்": கீழே விழுந்தாலும், தூசி பட்டாலும் தாங்கும். "ரிலையபிள்": கூப்பிட்டபோதெல்லாம் வேலை செய்யும். "ரோபஸ்ட்": ஓக் மரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, சூழ்நிலை மாறினாலும் நிலைகுலையாது என்று பொருள், மென்பொருளுக்கும் பொருந்தும். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனிக்கு ஏ.சி. விற்கிறீர்கள் என்றால் இவை எதுவும் போதாது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காது என்பதை "கரோஷன் ரெசிஸ்டன்ட்" என்று நேராகச் சொல்லுங்கள்.

பழையதைக் குறை சொல்லாமல் எப்படிச் சொல்வது?

வாடிக்கையாளரின் தற்போதைய மெஷினை "ஆப்சலீட்" என்று சொன்னால், இனி எதற்கும் ஆகாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். "ஓல்டர்" போதும். மென்பொருளில் "லெகசி" என்றால் பழையது, ஆனால் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது. 1959-ல் உருவாகத் தொடங்கிய கோபோல் மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் வங்கிகளில் ஓடுகின்றன, அவற்றைப் பராமரிப்பது மரியாதையான வேலை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்கும் பழைய ரேடியோ "வின்டேஜ்". அதே உருவத்தில் இப்போது தயாரித்த புளூடூத் ரேடியோ "ரெட்ரோ".

நேர்முகத் தேர்வில் என் புராஜெக்டை எப்படி விவரிப்பது?

அடைமொழியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அது என்ன செய்கிறது, அடுத்து ஒரு எண், அதற்குப் பிறகு வேண்டுமானால் ஒரே ஒரு பாராட்டுச் சொல்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018-ல் உருவான, பிறகு வந்தே பாரத் என்று பெயர் பெற்ற ரயிலைப் பாருங்கள். அதை அதிகாரப்பூர்வமாக "செமி ஹை ஸ்பீட்" என்றுதான் சொல்கிறார்கள். சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கி.மீ. தொட்ட ரயில் அது. ஆனால் உலக வழக்கில் புதிதாகப் போட்ட பாதையில் 250 கி.மீ., மேம்படுத்திய பழைய பாதையில் 200 கி.மீ. ஓடினால்தான் "ஹை ஸ்பீட்". முன்னால் இருக்கும் அந்த "செமி" அந்தப் பொருளுக்கு நம்பகத்தன்மையைக் கொடுக்கிறது. பதினெட்டு மாதத்தில் இங்கேயே வடிவமைத்துக் கட்டினார்கள் என்ற தகவல் எந்த "வேர்ல்டு கிளாஸ்" அடைமொழியையும்விட வலுவாக நிற்கிறது.

உங்கள் புராஜெக்டுக்கும் அதையே செய்யுங்கள். "மை புராஜெக்ட் இஸ் எ ஹைலி அட்வான்ஸ்ட் ஸ்மார்ட் சிஸ்டம்" என்று தொடங்கினால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. "இட் ஸ்டாப்ஸ் தி மோட்டார் வென் தி டேங்க் இஸ் ஃபுல்" என்று தொடங்குங்கள். எந்த சென்சார், என்ன செலவு, எத்தனை வாரம் பிழையில்லாமல் ஓடியது என்று அடுத்தடுத்து அவரே கேட்பார்.

உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை. "டெக்னிக்கல்" முதல் அசையில் அழுத்தம், "டெக்னாலஜி" இரண்டாவதில். "சோஃபிஸ்டிகேட்டட்" என்பதில் "ஃபி" அழுத்தம் பெறும், "எர்கோனாமிக்" என்பதில் "னா", "ஃப்யூச்சரிஸ்டிக்" என்பதில் "ரிஸ்". "ஸ்லீக்" என்பதில் நெடிலை நன்றாக இழுங்கள். குறிலாகச் சொன்னால் "ஸ்லிக்" என்ற வேறு சொல்லாகிவிடும். மேலே பளபளப்பு, உள்ளே சரக்கு இல்லை என்ற சந்தேகம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பாராட்ட நினைத்த பொருள் அவர் காதில் வேறாக விழுந்துவிடும்.